1,500 ரூபாய்க்குள் வேலரண்ட் விளையாட எந்த மவுஸ் வாங்கலாம்?

தாமிரபரணிக்காரன்:

அனைவருக்கும் வணக்கம். நான் பொறியியல் இரண்டாம் ஆண்டு மாணவன். விடுதி அறையில் இரவு நேரங்களில் நண்பர்களுடன் மடிக்கணினியில் வேலரண்ட் என்ற துப்பாக்கிச் சண்டை ஆட்டத்தை விளையாடுவது வழக்கம். ஓராண்டுக்கு முன் 499 ரூபாய்க்கு வாங்கிய மவுஸைத்தான் இதுவரை பயன்படுத்தி வருகிறேன். அதன் பெட்டியில் “7200 டிபிஐ கேமிங் மவுஸ்” என்று பெரிதாக அச்சிட்டிருந்தது. ஏழு வண்ணத்தில் விளக்கும் எரியும். மெதுவாக நகர்த்தும்போது குறையொன்றும் தெரிவதில்லை. ஆனால் முதுகுப் பக்கம் காலடிச் சத்தம் கேட்டுச் சட்டென்று திரும்பினால், கிராஸ்ஹேர், அதாவது திரை நடுவிலுள்ள குறி, பாதி வழியிலேயே நின்றுவிடுகிறது. சில வேளைகளில் வானத்தைப் பார்க்கிறது. போதாக்குறைக்கு, கடந்த ஒரு மாதமாக ஒருமுறை அழுத்தினால் இருமுறை அழுத்தியதாகப் பதிவாகிறது.

நான் 800 டிபிஐ, 0.4 சென்சிட்டிவிட்டி (மவுஸை நகர்த்தினால் ஆட்டத்தில் எவ்வளவு திரும்ப வேண்டும் என்ற அமைப்பு) வைத்து விளையாடுகிறேன். மவுஸ் பேட் இல்லை. பதிவேட்டின் அட்டைமீது வைத்தே நகர்த்துகிறேன். கையின் நீளம் 18.5 செ.மீ. என்னிடம் இருப்பது மொத்தமாக 1,500 ரூபாய். அறை நண்பன், 12,000 டிபிஐக்குக் குறைவாக வாங்கினால் பணம் வீண் என்கிறான். அது உண்மையா? வயர்லெஸ் பக்கம் போகலாமா?

அண்ணாசாலை வாசி:

தம்பி, உங்கள் நண்பர் பார்க்கச் சொல்லும் எண் வேறு, நீங்கள் பார்க்க வேண்டிய எண் வேறு.

டிபிஐ என்பது மவுஸை ஓர் அங்குலம் நகர்த்தினால் அது கணினிக்கு எத்தனை எண்ணிக்கைகளை அனுப்புகிறது என்பதுதான். நீங்களே 800இல்தான் விளையாடுகிறீர்கள். தொழில்முறை ஆட்டக்காரர்களிலும் பெரும்பாலோர் 400 முதல் 1600க்குள்தான் வைத்திருக்கிறார்கள். ஆகவே 12,000 என்பது நீங்கள் ஒருநாளும் தொடப்போகாத எண். மேலும், மலிவான மவுஸ்களில் பல, அடியில் தரையைப் படிக்கும் சென்சர் உண்மையில் எண்ணியதை மென்பொருளால் பெருக்கித்தான் அந்தப் பெரிய எண்ணை எட்டுகின்றன. மோரில் தண்ணீர் ஊற்றிக் குடத்தை நிரப்புவது போன்ற வேலைதான் அது.

உங்களுக்கு நேர்வது என்னவென்று கணக்குப் போட்டுப் பார்ப்போம். வேலரண்டில் சென்சிட்டிவிட்டி 1 என்றால், ஓர் எண்ணிக்கைக்கு 0.07 பாகை திரும்பும். 0.4இல் அது 0.028 பாகை. அப்படியானால் ஒரு முழுச் சுற்றுக்கு ஏறக்குறைய 12,860 எண்ணிக்கைகள் வேண்டும். 800 டிபிஐயில் அது 16 அங்குலம், அதாவது 41 செ.மீ. பின்பக்கம் திரும்ப இதில் பாதி, 20 செ.மீ. காலடிச் சத்தம் கேட்டதும் அந்த 20 செ.மீட்டரை நொடியில் ஐந்தில் ஒரு பங்கு நேரத்தில் இழுக்கிறீர்கள் என்று வைத்துக்கொண்டால், கையின் வேகம் நொடிக்குச் சுமார் 40 அங்குலம். அலுவலகப் பயன்பாட்டுக்கான சாதாரண சென்சர்கள் பல, நொடிக்கு 30 அங்குலத்தை ஒட்டிய வேகம் வரையில்தான் தரையைத் தொடர்ந்து படிக்கும். அதைத் தாண்டினால் வழியை இழந்து, வாய்க்கு வந்த எண்ணை அனுப்பும். வானத்தைப் பார்ப்பதற்குக் காரணம் அதுதான் என்று நினைக்கிறேன். ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுமானால், பிக்ஸ்ஆர்ட் நிறுவனத்தின் பிஏடபிள்யூ3327 சென்சருக்கு இந்த வரம்பு 220 அங்குலம், பிஎம்டபிள்யூ3360க்கு 250.

எனவே சென்சரின் பெயரையோ, அது தாங்கும் வேகத்தையோ எங்குமே சொல்லாமல் டிபிஐயை மட்டும் கூவி விற்கும் மவுஸை எடுத்த இடத்திலேயே வைத்துவிடுங்கள். அடுத்ததாகப் போலிங் ரேட், அதாவது மவுஸ் நொடிக்கு எத்தனை முறை கணினிக்குத் தகவல் தருகிறது என்பது, 1000 ஹெர்ட்ஸ் இருக்க வேண்டும். 125 ஹெர்ட்ஸ் மவுஸ் 8 மில்லிநொடிக்கு ஒருமுறைதான் தகவல் தரும். 144 ஹெர்ட்ஸ் திரையோ 6.9 மில்லிநொடிக்கு ஒருமுறை மாறுகிறது. மவுஸிடமிருந்து புதிய செய்தி வராமலேயே சில படங்கள் திரையில் கடந்துவிடும்.

வாங்குவதற்கு முன் ஒரு சோதனை செய்யுங்கள். விண்டோஸில் கை வேகத்துக்கேற்ப சுட்டியின் நகர்வை மாற்றும் “என்ஹான்ஸ் பாயின்டர் பிரிசிஷன்” என்பதை முன்னெச்சரிக்கையாக அணைத்துவிட்டு, ஆட்டத்தின் பயிற்சிக் களத்தில் சுவரில் உள்ள ஏதாவதொரு புள்ளியில் கிராஸ்ஹேரை நிறுத்துங்கள். மேசையில் அளவுகோலை வைத்து, மவுஸை 20 செ.மீ. வலப்பக்கம் மின்னல் வேகத்தில் இழுத்து, பிறகு ஆமை வேகத்தில் தொடங்கிய இடத்துக்கே கொண்டு வாருங்கள். சென்சர் நல்லதாக இருந்தால் கிராஸ்ஹேர் அதே புள்ளிக்குத் திரும்பும். இல்லையென்றால் புள்ளியைத் தாண்டி இடப்பக்கம் போய் நிற்கும். ஏனென்றால் போகும்போது தவறவிட்ட எண்ணிக்கைகள் வரும்போது தவறுவதில்லை.

கைப்பிடி:

சென்சர் பற்றி மேலே சொன்னதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் கைக்குப் பொருந்தாத மவுஸில் எந்த சென்சர் இருந்தும் பயனில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மணிக்கட்டு மடிப்பிலிருந்து நடுவிரல் நுனி வரையிலான நீளத்தில் 60 விழுக்காடு மவுஸின் நீளமாக இருப்பது நல்லது என்று ஒரு தோராயக் கணக்கு உண்டு. உங்களுக்கு அது 11.1 செ.மீ. லாஜிடெக் ஜி102 11.7 செ.மீ. நீளமும் 85 கிராம் எடையும் கொண்டது. இரு பக்கமும் ஒரே வடிவம். ரேசர் டெத்ஆடர் எசென்ஷியல் 12.7 செ.மீ. நீளமும் 96 கிராம் எடையும் உடையது. வலக்கைக்காரர்களுக்கென்றே வளைத்துச் செய்தது. உள்ளங்கை முழுவதையும் மவுஸின்மேல் சாய்த்துப் பிடிப்பவருக்கு இரண்டாவது சுகம். விரல்களை நண்டுக் கால் போல மடக்கிப் பிடிப்பவராக இருந்தால் முதலாவதே போதும். எடைக்கல்லை உள்ளே போட்டு “கனமான தரம்” என்று விற்பவற்றை நம்ப வேண்டாம். குறைந்த சென்சிட்டிவிட்டியில் மவுஸைத் தூக்கித் தூக்கி வைக்கும் உங்களுக்குக் கனம் பகை.

இரவு ஆட்டக்காரன்:

வயர்லெஸ் என்றாலே தாமதம் என்ற காலம் மலையேறிவிட்டது. லாஜிடெக் ஜி304இல் ஒரே ஒரு ஏஏ மின்கலத்தைப் போட்டு மூன்று செமஸ்டர்களாக விளையாடி வருகிறேன், மின்கலத்தை மட்டும் அவ்வப்போது மாற்றுகிறேன்; வயர் மவுஸுக்கும் அதற்கும் வேறுபாடு தெரியவில்லை. ஆனால் அது உங்கள் தொகைக்குள் அடங்காது. 1,500 ரூபாய்க்குள் கிடைக்கும் வயர்லெஸ்ஸில் பெரும்பாலானவை அலுவலக மவுஸுக்கு விளக்கு மாட்டியவை. புளூடூத் மட்டும் உள்ளவற்றை ஆட்டத்துக்கு நினைத்தும் பார்க்காதீர்கள். வயரையே எடுத்துக்கொண்டு, மிச்சத்தில் 40 செ.மீட்டருக்குக் குறையாத அகலத்தில் ஒரு துணிப் பேட் வாங்குங்கள். பதிவேட்டு அட்டையில் 20 செ.மீ. இழுப்பதற்கு இடம் எங்கே இருக்கிறது?

பற்றவைப்பவர்:

இரட்டை அழுத்தம் பற்றி யாரும் பேசவில்லை. சுவிட்சுக்குள் இருக்கும் மெல்லிய உலோகத் தகடு நாளடைவில் தளர்ந்தாலோ, தொடும் முனையில் களிம்பு ஏறினாலோ, ஒரே அழுத்தத்தில் தொட்டு, விலகி, மீண்டும் தொடும். மென்பொருளில் சில மில்லிநொடி காத்திருப்பு வைத்து இதை மறைப்பார்கள். தகடு மேலும் தளர்ந்தால் அதுவும் உதவாது. எந்த மவுஸ் வாங்கினாலும் இது ஒருநாள் வரக்கூடும் என்பதால் பில்லைப் பத்திரமாக வையுங்கள். ஒளியால் இயங்கும் சுவிட்ச் உள்ள மவுஸ்களில் இந்தக் கோளாறு வருவதில்லை, ஆனால் அவை விலை கூடுதல். பழைய மவுஸை எறிய வேண்டாம். மூன்று கால் சுவிட்ச் ஒன்றை வாங்கி மாற்றிப் பழகுங்கள். பற்றவைக்கக் கற்றுக்கொள்ள அதைவிடத் தோதான பொருள் கிடைக்காது.

தாமிரபரணிக்காரன்:

அனைவருக்கும் நன்றி. நேற்றிரவு 30 செ.மீ. அளவுகோலை மேசையில் ஒட்டிச் சோதித்தேன். என் மவுஸ், அண்ணன் சொன்னபடியே இடப்பக்கம் போய், புள்ளியிலிருந்து கால் வட்டத்துக்கும் மேல் தள்ளி நின்றது. அடுத்த அறை நண்பரின் ஜி102ஐ இரவல் வாங்கி ஐந்து முறை இழுத்தேன். ஐந்து முறையும் அதே புள்ளி. நான் நண்டுப்பிடிக்காரன் என்பதும் அப்போதுதான் தெரிந்தது. தள்ளுபடியில் அதையே வாங்கி, மீதியில் துணிப் பேட் எடுக்கப் போகிறேன். அறை நண்பன் இந்த இழையை முழுவதும் படித்துவிட்டு, இப்போது தன் மவுஸோடு அளவுகோலைக் கேட்டு நிற்கிறான்.