நாய்க்குட்டி நகம் பட்டு ரத்தம் வந்துச்சு, டிடி (டெட்டனஸ்) ஊசி மட்டும் போதுமா?

ஈரோட்டுக்காரி:
கொஞ்சம் அவசரங்க, தெரிஞ்சவங்க சொல்லுங்க. நேத்து சாயங்காலம் பையன் (6 வயசு, 18 கிலோ) பக்கத்து வீட்டு நாய்க்குட்டியோட விளையாடிட்டு இருந்தான், அது எகிறினதுல முழங்கைக்குக் கீழ ஒரு கீறல், நீளமா ஒண்ணும் இல்ல, ஆனா ரெண்டு மூணு சொட்டு ரத்தம் வந்துருச்சு. நான் ஆபீஸ்ல இருந்து வர்றதுக்குள்ள மாமியார் மஞ்சளும் சுண்ணாம்பும் குழைச்சு அப்பிட்டாங்க. தெருமுனை கிளினிக்ல காட்டினா டிடி போட்டுட்டு "வீட்டு நாய்தான, தடுப்பூசி போட்டதுதான, 10 நாள் நாயைப் பாருங்க, அது நல்லா இருந்தா ஒண்ணும் இல்ல"ன்னு அனுப்பிட்டாரு. என் ஃபிரண்டு ஒருத்தி ரேபிஸ் (வெறிநாய்க்கடி நோய்) வராம இருக்க சீரம் (தயாரா இருக்கற எதிர்ப்பு மருந்து) போட்டே ஆகணும்ங்கறா. வீட்டுக்காரர் நகம் பட்டதுக்கெல்லாமான்னு சிரிக்கறாரு. மாமியார் தொப்புளைச் சுத்தி 14 ஊசின்னு பையன் காதுபடவே சொல்லி அவன் ராத்திரி பூரா தூங்கல. யார் பேச்சைக் கேக்கறதுன்னே தெரியல.

மூணுநாய்வீடு:
பயப்படாதீங்க சிஸ்டர். எங்க வீட்ல கீறல் படாத ஆளே இல்ல. ரேபிஸ் எச்சில்லதான் இருக்கும், நகத்துல இருக்காது. தடுப்பூசி போட்ட குட்டின்னா தைரியமா இருங்க.

பிஎச்சி_நர்ஸ்:
மேல சொன்ன தம்பி கோச்சுக்காதீங்க, நாய் நாள் முழுக்க காலை நக்கிட்டே இருக்கும், அந்த எச்சில் நகத்துல இருக்காதா? எங்க ஓபில நாங்க முதல்ல பாக்கறது நாயை இல்ல, காயத்தை. தோல் கிழியாம நக்கினது மட்டும்னா ஊசி தேவையில்ல. ரத்தம் வராத லேசான சிராய்ப்புன்னா தடுப்பூசி மட்டும். ரத்தம் எட்டிப் பாத்தாலே மூணாவது வகை, தடுப்பூசியோட சீரமும் சேத்து. உங்க பையனுக்கு ரத்தம் வந்துருக்கு, அவ்ளோதான். மொதல்ல அந்த மஞ்சள் சுண்ணாம்பைக் கழுவுங்க, ஒரு நாள் ஆயிடுச்சேன்னு விடாதீங்க, குழாய்த் தண்ணியத் திறந்து விட்டு சோப்புப் போட்டு 15 நிமிஷம், கடிகாரத்தப் பாத்து. 15 நிமிஷம்ங்கறது நெனைக்கறத விட ரொம்ப நேரம், பையன் நெளிவான், பிடிச்சுக்கோங்க. அப்புறம் நேரா ஜிஎச் (அரசு ஆஸ்பத்திரி) போங்க, தடுப்பூசி பிஎச்சில (ஆரம்ப சுகாதார நிலையம்) ஃப்ரீயா போடுவோம், சீரம் எல்லா பிஎச்சிலயும் இருக்காது. இன்னொண்ணு, குட்டியோட ஊசி கார்டை வாங்கிப் பாருங்க. "போட்டாச்சு"ன்னு எல்லாரும்தான் சொல்லுவாங்க.

ஈரோட்டுக்காரி:
கார்டு பாத்துட்டேன்க்கா, கை நடுங்குது. ரெண்டரை மாசக் குட்டி, ஒட்டியிருக்கற ஸ்டிக்கர் பார்வோ, டிஸ்டெம்பர்ங்கற வேற நாய் நோய்களுக்கு மட்டும்தான், ரேபிஸ்னு எழுதின கட்டம் காலி. அவங்க பொய் சொல்லல, ஏதோ ஒரு ஊசி போட்டதே எல்லாத்துக்கும்னு நெனைச்சிருக்காங்க. தாய் தெரு நாயாம்.

டூட்டிடாக்டர்:
குட்டிகளுக்கு ரேபிஸ் ஊசி பொதுவா 3 மாசத்துலதான் ஆரம்பிப்பாங்க, அதனால இது அடிக்கடி நடக்கற குழப்பம்தான். கிளினிக்ல சொன்ன 10 நாள் கணக்கு தப்பில்ல, ஆனா அதப் பயன்படுத்தின இடம் தப்பு. ரேபிஸ் வர்ற நாய்க்கு நோய்க்குறி தெரியறதுக்குச் சில நாள் முன்னாடிதான் எச்சில்ல வைரஸ் வரும், அதனால கீறி 10 நாள் கழிச்சும் அது நல்லா இருந்தா கீறின அன்னைக்கு எச்சில்ல வைரஸ் இல்லைன்னு அர்த்தம். அது மிச்ச ஊசியப் பத்தி அப்புறம் யோசிக்கறதுக்கு. ஊசி ஆரம்பிக்காம காத்திருக்கறதுக்கு இல்ல. நோய்க்குறி வந்துட்டா காப்பாத்த வழியே கிடையாதுன்னு சொல்ற அளவுக்கு மோசமான நோய், இதுல சூதாட முடியாது.

சீரம் ஏன்னா, தடுப்பூசி போட்டு உடம்பு தானா எதிர்ப்பு உண்டாக்க ஒரு வாரம் பத்து நாள் ஆகும், அந்த இடைவெளிய அடைக்கத்தான். குதிரை சீரம்னா கிலோவுக்கு 40 யூனிட், உங்க பையனுக்கு 720, மில்லிக்கு 300 யூனிட் பாட்டில்ல கிட்டத்தட்ட 2.4 மில்லி. அத கீறலுக்குள்ளயும் சுத்தியும் இறக்கணும், காயத்த விட்டுட்டு தோள்லயோ இடுப்புலயோ போட்டா பிரயோஜனம் இல்ல. முதல் தடுப்பூசி போட்டு 7 நாளுக்குள்ள போடலாம், ஆனா இன்னைக்கே போடுங்க. பாட்டி சொல்ற 14 ஊசி ஆட்டு மூளையில இருந்து எடுத்த பழைய மருந்து, 2004 வாக்குல இந்தியாவுல நிப்பாட்டியாச்சு. இப்போ தடுப்பூசி ரெண்டு கையிலயும் தோலுக்குள்ள சின்னச் சின்னக் குத்து, 0 (முதல் ஊசி போடற நாள்), 3, 7, 28-ம் நாள்.

ஈரோட்டுக்காரி:
ஜிஎச் போய்ட்டு வந்தோங்க. கையில போட்டதுக்கு சத்தமே இல்ல, கீறல்ல சீரம் இறக்கும்போதுதான் வார்டே அதிர்ற மாதிரி கத்திட்டான், வீட்டுக்காரர் முகத்தத் திருப்பிக்கிட்டாரு, இப்போ சிரிக்கல. அடுத்தது வெள்ளிக்கிழமை. குட்டிய 10 நாள் கட்டி வைங்கன்னு சொன்னதுல பக்கத்து வீட்டு அக்கா மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்காங்க. அவங்க பொண்ணையும் அது நக்கும், அவளுக்கும் ஊசி வேணுமா?

பிஎச்சி_நர்ஸ்:
தோல்ல புண்ணு, வெட்டு இல்லாம நக்கினா வேணாம். வாயிலயோ கண்ணுலயோ எச்சில் பட்டிருந்தா கூட்டிட்டு வரச் சொல்லுங்க. வெள்ளிக்கிழமைய மறந்துடாதீங்க, முதல் ஊசியோட நிறையப் பேரு காணாமப் போயிடறாங்க.