அலாரம் 'வென்ட் ஆஃப்' என்றால் அடித்ததா, நின்றதா? உங்களுக்கு நடந்ததை எழுதுங்கள்

செவிலியர், இங்கிலாந்து:

எனக்கு நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன், இதே மாதிரி மாட்டிக்கொண்டவர்கள் கீழே எழுதுங்கள். நான் நாகர்கோவில் பக்கம். ஊரில் 6 வருடம் வேலை பார்த்துவிட்டு, மருத்துவத் துறையினருக்கான ஆங்கிலத் தேர்வான ஓஇடியும் எழுதித் தேறித்தான் இங்கே வந்தேன், அதனால் ஆங்கிலத்தில் எனக்குக் குறை இல்லை என்றுதான் நம்பிக்கொண்டிருந்தேன். வந்த இரண்டாவது மாதம், நைட் டியூட்டி. ஹேண்டோவர், அதாவது ஷிஃப்ட் மாறும்போது நோயாளிகளின் நிலையைச் சொல்லி ஒப்படைப்பது, அதைக் கொடுத்த சிஸ்டர் வேகமாகப் பேசுகிறவர். நரம்பு வழியாக மருந்து ஏற்றுகிற பம்ப் மாட்டியிருந்த நான்காம் படுக்கைத் தாத்தாவைப் பற்றிச் சொல்லும்போது 'பம்ப் கீப்ஸ் கோயிங் ஆஃப்' என்று ஒரு வரி சொல்லிவிட்டு அடுத்த படுக்கைக்குப் போய்விட்டார். நான் என் தாளில் 'பம்ப் அடிக்கடி ஆஃப் ஆகிறது' என்று குறித்துக்கொண்டேன்.

அப்புறம் என்ன, பிளக்கைப் பிடுங்கி வேறு சாக்கெட்டில் போட்டேன், பேட்டரி அளவைப் பார்த்தேன், எதிலும் கோளாறு இல்லை. நடுவில் பம்ப் கத்தியது, அதையும் கரண்ட் பிரச்சினை என்றே எடுத்துக்கொண்டு, ஸ்டோரிலிருந்து வேறு பம்ப் கொண்டுவந்து மாட்டினேன். கொஞ்ச நேரத்தில் அதுவும் கத்த ஆரம்பித்தது. சத்தம் கேட்டு வந்த சீனியர் பம்பைத் தொடவே இல்லை, நேராகப் போய்த் தாத்தாவின் கையை நீட்டிவிட்டார், சத்தம் நின்றது. மருந்து ஏற்ற நரம்பில் செருகுகிற சின்னக் குழாய், கேனுலா, முழங்கை மடிப்பில் இருந்திருக்கிறது. அவர் தண்ணீர் குடிக்கக் கையை மடக்கும்போதெல்லாம் மருந்து போகிற வழி அடைபட்டு, அழுத்தம் ஏறி, பம்ப் அலாரம் அடித்திருக்கிறது. ஹேண்டோவரில் சொன்னது அதைத்தான். பம்ப் நின்றுபோகவில்லை, கூப்பிட்டுக்கொண்டே இருந்திருக்கிறது. ஆன்டிபயாடிக் 40 நிமிடம் தாமதமானது. தாத்தாவுக்கு ஒன்றும் ஆகவில்லை, ஆனால் அன்று காலை வீட்டுக்குப் போய் என்னால் தூங்க முடியவில்லை.

அதே வாரம் இன்னொன்று. இரண்டாம் படுக்கைக்காரர் 'ஹேஸ் கான் ஆஃப் எ பிட்' என்று ஒரு சிஸ்டர் சொன்னார். எங்கேயோ எழுந்து போய்விட்டார் போல என்று நான் கழிவறைப் பக்கம் தேடப் போனேன். அவர் படுக்கையில்தான் இருந்தார், மூச்சு வாங்கிக்கொண்டு. இங்கே மருத்துவமனைப் பேச்சில் ஒரு நோயாளி 'கான் ஆஃப்' என்றால் நிலைமை மோசமாகிறது என்று அர்த்தம். மூச்சு வேகம், ஆக்சிஜன், ரத்த அழுத்தம், நாடித்துடிப்பு, நினைவு, காய்ச்சல் என்று 6 விஷயங்களைப் பார்த்து 'நியூஸ்' என்று ஒரு ஸ்கோர் போடுவோம், 5 வந்தாலே டாக்டரை அவசரமாக அழைக்க வேண்டும், அவருக்கு 7. நல்லவேளை, சொன்ன சிஸ்டரே டாக்டரைக் கூப்பிட்டிருந்தார். நான் கழிவறை வாசலில் நின்ற அந்த இரண்டு நிமிடம் இன்னும் என் மனதில் இருக்கிறது.

கட்டடப் பராமரிப்பு, சிங்கப்பூர்:

சிஸ்டர், உங்களுடையதைப் படித்ததும் எனக்கு உடம்பு சில்லிட்டது. இரவு 2 மணிக்கு வாட்ஸ்ஆப்பில் 'ஃபயர் அலாரம் வென்ட் ஆஃப், லெவல் 3' என்று வந்தது. அலாரம் செத்துவிட்டது, காலையில் ஆள் அனுப்பிச் சரிசெய்யலாம் என்று எடுத்துக்கொண்டு 'டெக்னீஷியன் வில் கம் டுமாரோ' என்று பதில் போட்டுவிட்டுப் படுத்தேன். அங்கே அலாரம் அலறி, குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு எல்லோரும் கீழே வந்து நின்றிருந்தார்கள். யாரோ சமைத்ததில் வந்த புகைதான், தீ இல்லை. இருந்தால்? அதிலிருந்து எனக்குக் கீழே வேலை செய்கிற நம்ம ஊர்த் தம்பிகளுக்கு முதல் நாளே இந்த ஒரு சொல்லைச் சொல்லிக்கொடுத்துவிடுகிறேன்.

மாணவி, லண்டன்:

எனக்கு இவ்வளவு பெரிய விஷயமில்லை. கூட இருக்கும் பெண் 'த மில்க் ஹேஸ் கான் ஆஃப்' என்றாள், நான் ஃப்ரிட்ஜ் சுவிட்சைப் பார்க்கப் போனேன். மூடியைத் திறந்து மூக்கருகே காட்டியதும்தான் புரிந்தது. யோசித்துப் பார்த்தால் நாமும் அதைத்தானே சொல்கிறோம், பால் கெட்டுப் போச்சு, திரிந்து போச்சு என்று, அந்தப் 'போச்சு' அங்கேயும் இருக்கிறது.

ஓய்வு பெற்ற ஆங்கில ஆசிரியை, தஞ்சாவூர் மாவட்டம்:

இந்தப் பெண் சொன்ன 'போச்சு'தான் சரியான சாவி, அதைப் பிடித்துக்கொண்டே கொஞ்சம் எழுதுகிறேன். 31 வருடம் பாடம் நடத்தியிருக்கிறேன், நன்றாகப் படிக்கிற பிள்ளைகள்தான் இதில் அதிகம் தடுமாறுவார்கள். காரணம் அவர்களுக்கு ஆங்கிலம் தெரியாததல்ல. 'ஆஃப்' என்ற சொல் ஏற்கெனவே நம் வீட்டில் இருக்கிறது, சுவிட்சோடு சேர்ந்து வந்தது, ஃபேன் ஆஃப், மோட்டார் ஆஃப், போன் ஆஃப் என்று ஒரே ஒரு பொருளோடு. தெரியாத சொல் என்றால் அகராதியைப் பார்ப்போம், தெரிந்த சொல்லுக்கு யார் பார்ப்பார்கள்?

மின்சார சுவிட்ச் வருவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே ஆங்கிலத்தில் அந்தச் சொல் இருந்தது. 'ஆஃப்' என்பதும் நாம் 'ஆவ்' என்று படிக்கிற சின்னச் சொல்லும் ஆதியில் ஒன்றுதான், அழுத்திச் சொன்னது தனிச் சொல்லாகப் பிரிந்துவிட்டது. 'ஆஃப்' என்பதன் அடிப்பொருள் ஒன்றை விட்டு விலகுவது.

வகுப்புக்கு நான் ஒரு பழைய டைம்பீஸ் கொண்டுபோவேன். பின்னால் இரண்டு சாவி இருக்கும், ஒன்று கடிகாரம் ஓடுவதற்கு, இன்னொன்று மணிக்கு. மணிச் சாவியை முறுக்கினால் உள்ளே சுருள்வில் இறுகும், ஆனால் ஒரு பிடி அதைத் தடுத்து வைத்திருக்கும். வைத்த நேரம் வந்ததும் அந்தப் பிடி விலகும், சுத்தி கணகணவென்று அடிக்கும். எலிப்பொறியும் அப்படித்தான், கொக்கி விட்டதும் கம்பி பாயும். துப்பாக்கியும் அப்படித்தான். பிடி விட்டுப் போகிறதல்லவா, அதுதான் 'கோயிங் ஆஃப்' என்று காட்டுவேன். ஒரு முறை மணி அடிக்கக் கேட்ட பிள்ளைக்கு அப்புறம் மறக்காது.

பால், கரண்ட், ஆசை, எல்லாவற்றுக்கும் இந்த 'விட்டுப் போவது' பொருந்திவரும். 'ஐ ஹேவ் கான் ஆஃப் காஃபி' என்றால் காபி மேல் இருந்த ஆசை விட்டுப்போச்சு. 'த லைட்ஸ் வென்ட் ஆஃப்' என்றால் நாம் நினைக்கிற மாதிரியே விளக்கு அணைந்தது, அதில் தவறில்லை. அப்போது எதை எப்படி எடுத்துக்கொள்வது என்றால், ஓடிக்கொண்டோ எரிந்துகொண்டோ இருக்கிற பொருள் நிற்கும். அடங்கிக் காத்திருக்கிற பொருள், அதாவது வெடி, அலாரம், சைரன், பொறி போன்றவை, கிளம்பும். போனை மட்டும் கவனித்துக்கொள்ளுங்கள். 'ஹிஸ் போன் வென்ட் ஆஃப் இன் த மீட்டிங்' என்றால் கூட்டத்தின் நடுவே அவர் போன் அடித்துவிட்டது. நம் காதுக்கு அது 'சுவிட்ச் ஆஃப் ஆகிவிட்டது' என்றுதான் விழும்.

ஆண்டு விழா அறிக்கையில் 'த ஃபங்ஷன் வென்ட் ஆஃப் வெல்' என்று வருடா வருடம் எழுதுவோமே, விழா இனிதே நடந்தேறியது, அதுவும் இதே வினைதான்.

யாழ்ப்பாணம், இப்போது சிட்னி:

டீச்சர், இங்கே இன்னொன்று உண்டு. நண்பன் ஒருவன் 'த பார்ட்டி இஸ் கோயிங் ஆஃப்' என்று மெசேஜ் போட்டான். முடிந்துவிட்டது என்று நினைத்து ரயில் ஏறப் போனவன் அப்படியே வீடு திரும்பிவிட்டேன். ஆஸ்திரேலியாப் பேச்சில் அது களைகட்டிவிட்டது என்று அர்த்தமாம். அலை நன்றாக எழும்பினாலும் அலைச்சறுக்கு செய்கிறவர்கள் இதையேதான் சொல்வார்கள். உங்கள் டைம்பீஸ் கணக்கில் பார்த்தால் இதுவும் சரியாகத்தான் வருகிறது.

செவிலியர், இங்கிலாந்து:

டீச்சர், மிக்க நன்றி, அந்தப் பிடி விடுகிற படம் மனதில் அப்படியே பதிந்துவிட்டது. குழந்தைகள் வார்டில் ஒரு மாதம் இருந்தபோது ஒரு அம்மா 'ஹேஸ் ஹி கான் ஆஃப்?' என்று மெதுவாகக் கேட்டார். முன் அனுபவத்தில் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது, குழந்தை மோசமாகிவிட்டதோ என்று ஓடிப்போய்ப் பார்த்தேன். தூங்கிவிட்டானா என்றுதான் கேட்டிருக்கிறார். அதற்கும் இதே சொல்தான்.

இப்போது ஹேண்டோவர் கொடுக்கும்போது நான் அந்தச் சொல்லையே பயன்படுத்துவதில்லை. பம்ப் என்றால் 'இட் இஸ் அலாரமிங்', நோயாளி என்றால் ஸ்கோர் எண்ணையே சொல்லிவிடுவேன். மற்றவர்கள் சொன்னால், அடிக்கிறதா நின்றுவிட்டதா என்று நேராகக் கேட்டுக்கொள்வேன், அதில் எனக்கு வெட்கமே இல்லை. போன வாரம் திருநெல்வேலியிலிருந்து ஒரு பெண் புதிதாகச் சேர்ந்தாள். ஹேண்டோவர் முடிந்ததும் என் பக்கத்தில் வந்து, 'அக்கா, ஏழாம் படுக்கை மானிட்டர் கோயிங் ஆஃப்னு சொன்னாங்களே, அதை ஆன் பண்ணிடவா?' என்று கேட்டாள். நான் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் மானிட்டர் அடித்தது. அவள் என் முகத்தைப் பார்த்தாள், புரிந்துகொண்டாள், ஓடினாள்.