வருடத்துக்கு ஒரு குறிக்கோள்: உங்கள் தொழிலில் எது கைகொடுத்தது?

தஞ்சை மளிகை:

வருடம் பிறக்கும்போது குறிக்கோள் எழுத உட்கார்ந்தால் ‘வியாபாரத்தைப் பெருக்க வேண்டும்’ என்றுதான் முதலில் எழுத வருகிறது. மளிகைக் கடையில் அதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது என்பது என் அனுபவம். எண்ணெய் விலை ஏறினால் கல்லாவில் விழுகிற பணமும் ஏறும். லாபம் ஏறியிருக்காது. அதனால் சில வருடங்களாக ஒரே ஒரு வரிதான் எழுதுகிறேன்: பழைய பாக்கி புது நோட்டுக்கு வரக்கூடாது.

எங்கள் தெருவில் பாதிக் குடும்பங்களுக்கு மாதக் கணக்குதான். சம்பளம் வந்ததும் ஐந்தாம் தேதி, பத்தாம் தேதி வாக்கில் கொஞ்சம் கொடுத்துவிட்டு, மீதியை அடுத்த மாதத்தோடு சேர்க்கச் சொல்வார்கள். அந்த மீதிதான் வளரும். ஒரு சரக்கில் 100 ரூபாய்க்கு 5 ரூபாய் நிற்கிறது என்று வையுங்கள். 1,000 ரூபாய் வராமல் போனால் அதை ஈடுகட்ட 20,000 ரூபாய்க்கு விற்க வேண்டும். பேனாவை எடுத்து இந்தக் கணக்கை ஒரு தடவை போட்டுப் பார்த்தவருக்கு, எதைக் குறிக்கோளாக வைப்பது என்று யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

செய்வது இவ்வளவுதான். தை பிறந்ததும் நோட்டைப் புரட்டி, மூன்று மாதத்துக்கு மேல் நிற்கிற கணக்குகளுக்குச் சிவப்பு மையில் கோடு போடுவேன். போன் செய்து கேட்பதில்லை. கடைக்கு வரும்போது, பக்கத்தில் வேறு ஆள் இல்லாத நேரம் பார்த்துச் சொல்வேன். போன தையில் ஒரு அக்காவிடம், “அக்கா, சித்திரைக்குப் புது நோட்டு போடுறேன். உங்க பழைய பாக்கிய அதுல ஏத்த வேணாம்னு பாக்குறேன். வாராவாரம் இருநூறு குடுத்தாக்கூட முடிஞ்சிரும்” என்றேன். “நானே சொல்லலாம்னுதான் இருந்தேன் தம்பி. மொத்தமா கேட்டுருவியோன்னு பயந்துதான் கொஞ்ச நாளா முக்குக் கடைக்குப் போயிட்டேன்” என்றார். எனக்கு அது பெரிய செய்தி. நிற்கிற பாக்கி பணத்தோடு வாடிக்கையையும் கொண்டு போகிறது. அந்த அக்கா பங்குனிக்குள் கட்டி முடித்துவிட்டார், மாதச் சாமான் மறுபடியும் நம் கடையில்தான்.

வராத ஒன்றிரண்டு கணக்கைப் பழைய நோட்டோடு விட்டுவிடுவேன். அவர்களுக்குப் புது நோட்டில் பக்கம் கிடையாது, ரொக்கம்தான்.

மற்றவர்களும் எழுதுங்கள். பெரிய திட்டமெல்லாம் வேண்டாம். வருடம் முழுக்கத் தாக்குப்பிடித்த ஒன்றைச் சொல்லுங்கள்.

திருப்பூர் பவர் டேபிள்:

நல்ல பேச்சை ஆரம்பித்தீர்கள் அண்ணா. எங்களுடையது ஜாப் வொர்க் யூனிட். வெட்டிய துணி கம்பெனியிலிருந்து வரும், தைத்துத் திருப்பி அனுப்புவோம், பீஸ் ரேட். இங்கே சனிக்கிழமை சம்பளம். டைலர், கைமடி, செக்கிங் என்று எல்லோருக்கும் அன்று சாயங்காலம் பணத்தை எண்ணிக் கொடுத்தாக வேண்டும். கம்பெனியிலிருந்து பில் பணம் வர இரண்டு மாதமும் ஆகும், மூன்று மாதமும் ஆகும். தையல் நன்றாகத் தெரிந்தவர்களும் இந்த இடைவெளியில் மாட்டித்தான் யூனிட்டை மூடுகிறார்கள்.

ஒரு வருடம் எங்கள் வேலையில் முக்கால்வாசி ஒரே கம்பெனிக்குப் போய்க்கொண்டிருந்தது. அவர்களுக்கு வெளிநாட்டு ஆர்டர் தள்ளிப்போனது, எங்கள் பில்லும் கூடவே தள்ளிப்போனது. வீட்டு நகையை அடகு வைத்துச் சனிக்கிழமைகளைத் தாண்டினோம். அடுத்த ஏப்ரலில் எழுதியதுதான் இன்றுவரை எங்கள் குறிக்கோள்: எந்தக் கம்பெனிக்கும் பாதிக்கு மேல் வேலை இல்லை.

நல்ல ரேட்டில் கூடுதல் பீஸ் வரும்போது முடியாது என்று சொல்ல மனசு வராது. அதனால் அதை மிஷின் கணக்காக மாற்றிவிட்டேன். யூனிட்டில் உள்ள மிஷின்களில் பாதி எப்போதும் சின்னப் பார்ட்டிகளுக்கு. பனியன், நைட்டி, ஸ்கூல் யூனிஃபார்ம் என்று ரேட் குறைவான வேலைதான். ஆனால் டெலிவரி எடுக்கும்போதே பணம் தருவார்கள். சனிக்கிழமைச் சம்பளம் அதில் ஓடிவிடும். கம்பெனிப் பணம் வரும்போது வாடகை, கரண்ட் பில், மிஷின் தவணைக்குப் போகும்.

இன்னொன்று, இது தெரியாத யூனிட்காரர்கள் இன்னும் இருக்கிறார்கள் என்பதால் சொல்கிறேன். சிறு தொழில்களுக்கு மத்திய அரசு தருகிற உத்யம் பதிவு எண்ணைப் பில்லில் அச்சடியுங்கள். பதிவு இலவசம், ஆன்லைனிலேயே முடியும். 2006-ம் வருடத்துச் சட்டப்படி, குறு, சிறு தொழில் செய்கிறவர்களிடம் வேலை வாங்கியவர், எழுத்தில் என்ன பேசியிருந்தாலும், 45 நாளுக்குள் பணம் தர வேண்டும். எழுத்தில் ஒன்றும் இல்லை என்றால் 15 நாள். தாண்டினால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல் மூன்று மடங்கு, மாதா மாதம் கூட்டு வட்டி. 2023-24 கணக்கு வருடத்திலிருந்து வருமான வரியிலும் ஒரு பிடி வந்துவிட்டது. கெடு தாண்டி மார்ச் 31 அன்றும் நிலுவையில் நிற்கிற தொகையை வேலை வாங்கிய கம்பெனிக்காரர்கள் அந்த வருடச் செலவாகக் காட்ட முடியாது, பணம் தந்த வருடத்தில்தான் காட்டலாம். சட்டத்தைக் காட்டிச் சண்டை போட்டால் அடுத்த ஆர்டர் வராது, அது எனக்கும் தெரியும். அதனால் நான் வாய் திறப்பதில்லை. பில்லில் எண் இருக்கிறது, மார்ச் மாதம் அவர்களுடைய ஆடிட்டர் பார்த்துக்கொள்கிறார்.

மதுரை தையல்:

தையல் கடையில் வருடத்தைப் பன்னிரண்டாக வகுத்து மாதம் இவ்வளவு என்று எழுதினால் ஆடியிலேயே படுத்துவிடும். எங்கள் வருடமே வேறு. ஜூனில் பள்ளி திறக்கும், யூனிஃபார்ம். ஆடியில் கல்யாணம் இல்லை, மிஷின் சும்மா கிடக்கும். ஆவணியில் முகூர்த்த பிளவுஸ், அப்புறம் தீபாவளி. மார்கழியில் மறுபடி ஓய்வு, தையில் முகூர்த்தம். வேலை இல்லாத மாதத்துக்கு ஒன்று, தாங்க முடியாத மாதத்துக்கு ஒன்று, இப்படித்தான் குறிக்கோள் வைக்கிறேன்.

தாங்க முடியாத மாதத்துக்கானது: தீபாவளிக்குப் பத்து நாள் முன்பே ஆர்டர் வாங்குவதை நிறுத்துவது. முன்பெல்லாம் முதல் நாள் ராத்திரி வரை, “அக்கா, இது ஒண்ணு மட்டும், லைனிங்கூட வேணாம், சும்மா அடிச்சுக் குடுங்க” என்று நிற்பார்கள். பாவமாக இருக்கும். அந்த ஒன்றை வாங்கினால், புரட்டாசியிலேயே துணி கொடுத்துவிட்டுக் காத்திருக்கிறவரின் பிளவுஸ் தள்ளிப்போகும். முன்கூட்டியே கொடுத்தவருக்குச் செய்கிற அநியாயம் இல்லையா அது? இப்போது கடைசித் தேதியை ஒரு அட்டையில் எழுதி ஆவணியிலேயே கண்ணாடியில் ஒட்டிவிடுகிறேன். முதல் வருடம் முகம் சுளித்தவர்கள் நிறைய. அடுத்த வருடம் அவர்களே, “அக்கா, கடைசித் தேதி என்னைக்கு?” என்று போன் செய்து கேட்டார்கள்.

ஆடிக்கானது சின்னது. அந்த ஒரு மாதம் ஆரி வேலை வகுப்பு எடுக்கிறேன். கடை வாடகையாவது அதில் வந்துவிடும். போன வருடம் கற்றுக்கொண்ட பெண்கள் இரண்டு பேர் தீபாவளி நெருக்கடிக்கு என்னிடமே வேலைக்கு வந்தார்கள். அதை நான் எதிர்பார்க்கவில்லை.

மணப்பாறை முறுக்கு:

நான் குறிக்கோளை ரூபாயில் எழுதுவதே இல்லை, கிலோவில்தான். 2025 செப்டம்பர் 22 அன்று பாக்கெட் முறுக்கு, மிக்சருக்கான ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 ஆனது. பாக்கெட் விலையைக் குறைத்து ஸ்டிக்கர் ஒட்டினோம். ரூபாயில் எழுதி வைத்திருந்தால் அந்த வருடக் குறிக்கோளே குழம்பியிருக்கும். கிலோ அப்படியே இருந்தது. அரிசி மாவு ஏறினாலும் சரி, வரி இறங்கினாலும் சரி, தினமும் எத்தனை கிலோ சுட்டோம், கடைகளிலிருந்து எத்தனை கிலோ திரும்பி வந்தது, இரண்டும்தான் எனக்கு முக்கியம். திரும்பி வருவதைப் பாதியாகக் குறைப்பது இந்த வருடக் குறிக்கோள். லைனுக்குப் போகிற தம்பியிடம், கேட்கிற கடைக்கெல்லாம் அள்ளிப் போடாமல், போன வாரம் தீர்ந்த அளவை மட்டும் வைக்கச் சொல்லியிருக்கிறேன்.

சேலம் டிபன் வண்டி:

எல்லோரும் வளர்ச்சியைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். நான் தண்டலிலிருந்து, அதாவது தினமும் திருப்பிக் கட்டுகிற வட்டிக் கடனிலிருந்து, வெளியே வந்த கதையைச் சொல்கிறேன். வண்டிக்காரர்களுக்கு இது நன்றாகப் புரியும்.

10,000 என்று பெயர். பிடித்தம் போகக் கையில் 8,500. தினம் 100 வீதம் 100 நாள். கேட்கும்போது 1,500 ரூபாய்தானே என்று தோன்றும். ஆனால் நாம் முதல் நாளிலிருந்தே திருப்பிக் கட்ட ஆரம்பித்துவிடுவதால், சராசரியாக நம் கையில் இருப்பது அதில் பாதிதான். வருட வட்டியாக்கிப் பார்த்தால் 100 சதவீதத்தைத் தாண்டிவிடும். ஒன்று முடியும்போதே அடுத்ததை எடுத்துவிடுவோம், அதனால் அது முடிந்ததே தெரியாது.

என் குறிக்கோள் ஒரே வரி: அடுத்த தீபாவளிக்கு வியாபாரத்தில் போடுகிற முதல் பணம் என்னுடையதாக இருக்க வேண்டும். தண்டல் முடிந்த மறுநாளும் அதே நேரத்துக்கு அந்த நூறை எடுத்து வைத்தேன், இந்தத் தடவை என் டப்பாவில். தோசை மாவு தீர்ந்து கல்லைக் கழுவுவதற்கு முன்பே எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் காய்கறிக்கோ கேஸுக்கோ போய்விடும். வாரம் ஒரு தடவை வங்கியில் கட்டினேன். கொடுத்துப் பழகிய பணம் என்பதால் வீட்டில் யாருக்கும் பற்றாக்குறை தெரியவில்லை. வெளியே போய்க்கொண்டிருந்தது உள்ளே வர ஆரம்பித்தது, அவ்வளவுதான்.

வண்டிக்காரர்கள் பி.எம். ஸ்வநிதி கடனைப் பற்றி, அதாவது தெரு வியாபாரிகளுக்கான மத்திய அரசுத் திட்டக் கடனைப் பற்றி, மாநகராட்சியில் விசாரியுங்கள். 2020-ல் முதல் கடன் 10,000 ஆக இருந்தது, இப்போது 15,000. ஒழுங்காகக் கட்டினால் அடுத்து 25,000, அப்புறம் 50,000. தவணை தவறாமல் கட்டுகிறவர்களுக்கு வட்டியில் 7 சதவீதம் மானியம் உண்டு. தெரு வியாபாரி அடையாள அட்டை இருந்தால் வேலை சுலபம். அட்டை இல்லாதவர்கள் முதலில் அதை வாங்குவதையே இந்த வருடக் குறிக்கோளாக வைத்துக்கொள்ளுங்கள்.

புதுக் கடை:

நான் ஸ்டேஷனரி கடை திறந்து ஆறு மாதம் ஆகிறது. பழைய நோட்டும் இல்லை, ஒப்பிட்டுப் பார்க்கப் போன வருடமும் இல்லை. எதை வைத்துக் குறிக்கோள் எழுதுவது?

தஞ்சை மளிகை:

தம்பி, கணக்கு எழுதுவதுதான் உங்களுக்கு முதல் வருடக் குறிக்கோள். தினமும் கடை சாத்தும்போது மூன்று எண்: ரொக்கமும் ஜிபேயும் சேர்த்து வரவு, கொள்முதலுக்குப் போனது, வீட்டுக்கு எடுத்தது. மூன்றாவதை யாரும் எழுதுவதில்லை, நீங்கள் எழுதுங்கள். ஸ்டேஷனரிக்கு ஜூன் மாதமும் பரீட்சை சமயமும்தான் பெரிய வியாபாரம், அந்த வாரங்களில் எந்த நோட்டு, எந்தப் பேனா தீர்ந்துபோய் ஆட்களைத் திருப்பி அனுப்பினீர்கள் என்பதையும் ஓரத்தில் குறித்து வையுங்கள். மார்ச் கடைசியில் அந்த நோட்டோடு வாருங்கள், சேர்ந்து பார்க்கலாம்.