பிளாஷ் போடாம செட்டிநாட்டு வீட்டுக்குள்ள போட்டோ எடுக்கறது எப்படி?

நூல்கண்டு:
வணக்கம் மக்களே. அடுத்த மாசம் குடும்பத்தோட காரைக்குடி, கானாடுகாத்தான் பக்கம் போறோம். ரெண்டு வருஷம் முன்னாடி போனப்ப ஒரு பழைய வீட்டுக்குள்ள விட்டாங்க, பிளாஷ் கூடாதுன்னு வாசல்லயே சொல்லிட்டாங்க, சரின்னு ஆஃப் பண்ணிட்டு எடுத்தா ஒண்ணு வளவுல, அதான் வீட்டு நடுவுல இருக்கற முற்றத்துல, வெயில் விழுற இடம் வெள்ளைவெளேர்னு எரிஞ்சு போயிருக்கு, இல்லேன்னா சுத்தி இருக்கற பர்மா தேக்கு தூண், பட்டாலை எல்லாம் கரிக்கட்டை மாதிரி இருக்கு. பாதி படம் ஆடிப்போச்சு. 40 எடுத்ததுல 3தான் தேறுச்சு. கேமரா கேனான் 1500டி, கூட வந்த 18-55 லென்ஸ்தான். ட்ரைபாடும் உள்ள விடமாட்டாங்க. அம்மாவுக்கு அந்த வீடுங்கன்னா உசிரு, இந்த தடவையாவது நல்லா எடுத்து பிரிண்ட் போட்டுக் குடுக்கணும். என்ன பண்ணலாம்?

சாயங்கால வெயில்:
முதல்ல பச்சை ஆட்டோவை விட்டுடுங்க, அதுல வச்சா இருட்டைப் பாத்ததும் பிளாஷ் தானா எந்திரிச்சிடும். ஏவி (Av) மோடுல, அதான் லென்ஸ் எவ்வளவு திறக்கணும்னு நாமளே வைக்கற மோடுல, நாம பட்டனை அமுக்குனாதான் எந்திரிக்கும். லென்ஸ 18லயே வைங்க, அங்கதான் எஃப் 3.5 கிடைக்கும் (இந்த எண் சின்னதா இருந்தா லென்ஸ் பெருசா திறக்குதுன்னு அர்த்தம்), 55க்கு இழுத்தீங்கன்னா 5.6 ஆயிடும், உள்ள வர்ற வெளிச்சம் பாதிக்கும் கீழ போயிடும். கிட்டக்க வேணும்னா நடந்து போய் எடுங்க. ஐஎஸ்ஓ, அதான் கேமராவோட வெளிச்ச உணர்திறன், 1600 வைங்க, உள்ள தள்ளி இருக்கற ரெண்டாங்கட்டு மாதிரி இருட்டான இடத்துல 3200. புள்ளி புள்ளியா வரும்னு பயப்படாதீங்க, பிரிண்ட்ல அது அவ்வளவா தெரியாது, ஆடுன படத்தைதான் எதுவும் பண்ண முடியாது.

ஷட்டர் வேகம் 1/30 செகண்டுக்கு கீழ போகுதுன்னா தூண்ல தோளை சாச்சுக்கிட்டு முழங்கையை விலாவோட ஒட்டி மூச்சை விட்டுட்டு அமுக்குங்க, அதுவும் தொடர்ந்து நாலு அஞ்சு படம், நடுவுல ஒண்ணு கண்டிப்பா நச்சுன்னு இருக்கும். லென்ஸ்ல ஆட்டத்தைக் குறைக்கற ஸ்டெபிலைசர் சுவிட்ச் இருந்தா ஆன்ல இருக்கான்னு பாத்துக்கோங்க.

வளவு எரிஞ்சு போறதுக்கு, ரா (RAW) ஃபைலா எடுங்க, அதுல கேமரா பாத்த விவரம் அழியாம இருக்கும், எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப், அதாவது வெளிச்சத்தைப் பாதியா, குறைச்சு வெயிலுக்கு சரியா வைங்க. இருட்டுல இருக்கற தூணை அப்புறம் கம்ப்யூட்டர்ல தூக்கிக்கலாம், எரிஞ்சு போன வெள்ளைக்குள்ள தேட ஒண்ணுமே இருக்காது. இன்னொண்ணு, உச்சி வெயில்ல போகாதீங்க. மேகமா இருக்கற நாள் கிடைச்சா விடவே விடாதீங்க, வானமே பெரிய வெள்ளைத் துணி கட்டின மாதிரி வளவு முழுக்க ஒரே சீரா வெளிச்சம் இறங்கும். நிலைக்கதவு மேல இருக்கற கஜலட்சுமி, கிளி, பூ வேலைப்பாடெல்லாம் பக்கவாட்டு வெளிச்சத்துலதான் புடைச்சு நிக்கும், பிளாஷ் அடிச்சா எல்லாம் தட்டையா அட்டைல வரைஞ்ச மாதிரி ஆயிடும். பிளாஷ் கூடாதுன்னு சொன்னது நமக்கே நல்லதுதான்.

ஆச்சி வீட்டுப் பேரன்:
எங்க வீடும் அந்தப் பக்கம்தான், வருஷத்துல கல்யாணம், திருவிழான்னா மட்டும் எல்லாரும் கூடுவோம், மத்த நாள்ல வீட்டைப் பாத்துக்கிறவர் ஒருத்தர்தான். மேல சொன்னதோட ஒண்ணு சேத்துக்கறேன். முகப்பு வாசப்படில நின்னு நேரா பாருங்க, முன் தெருவுல இருந்து பின் தெரு வரைக்கும் கதவெல்லாம் ஒரே நேர்கோட்டுல இருக்கும். வெளிச்சம், இருட்டு, வெளிச்சம், இருட்டுன்னு அடுக்கடுக்கா போகும். எங்க வீட்டுக்குள்ள வந்த நிறைய பேர் சரவிளக்கையும் தரைல பதிச்ச ஆத்தங்குடி கல்லையும் எடுத்துட்டு இதை விட்டுடறாங்க, எனக்கு வருத்தமா இருக்கும்.

சுவர்ல வரிசையா பெரியவங்க படம் மாட்டியிருக்கும், எல்லாம் கண்ணாடி போட்டது. எங்க அப்பத்தா படத்தை ஒருத்தர் பிளாஷ் போட்டு எடுத்து எனக்கு அனுப்பியிருந்தார், முகம் இருந்த இடத்துல வெள்ளை வட்டம், கீழ கண்டசரமும் சேலையும் மட்டும் தெரியுது. நல்ல எண்ணத்துலதான் எடுத்தார், ஆனா எனக்கு ரொம்ப நேரம் மனசு சரியில்ல. தஞ்சாவூர் படமும் அப்படித்தான், தங்க ரேக்கு அப்படியே கொதிச்சுப் போயிடும். நேருக்கு நேர் நிக்காம கொஞ்சம் சாய்வா நில்லுங்க, கருப்பு சட்டை போட்டிருந்தா கண்ணாடில உங்க நிழல் விழாது. சாமி ரூமை எடுக்கணும்னா கேட்டுட்டு எடுங்க. ஆச்சி யாராவது இருந்தா எடுத்ததைக் காட்டுங்க, அவங்களே அடுத்த அறைக் கதவைத் திறந்துவிடுவாங்க.

தக்கலைக்காரன்:
போன்ல எடுக்கறவங்களுக்கும் சேத்து சொல்றேன். எங்க ஊர்ப் பக்கம் பத்மநாபபுரம் அரண்மனை, 1795 வரைக்கும் திருவிதாங்கூர் தலைநகரம், பெரும்பாலும் மரம், செட்டிநாட்டு வீட்டை விட இருட்டு ஜாஸ்தி. அங்க நான் கத்துக்கிட்டது, தரையைப் பாக்கணும். கருப்பா கண்ணாடி மாதிரி பளபளன்னு இருக்கும், போனை இடுப்புக்குக் கீழ இறக்கிப் பிடிச்சா ஜன்னல் வெளிச்சம் தரைல விழறது அப்படியே வரும். ஆத்தங்குடி கல்லும் துடைச்சு வச்சிருந்தா இதே மாதிரிதான். நைட் மோடு போட்டா ரெண்டு மூணு செகண்ட் ஆடாம நிக்கணும், ஆள் நடமாட்டம் இருந்தா பேய் மாதிரி கோடு இழுத்துடும். எல்இடி லைட் இருக்கற அறைல படத்துல பட்டை பட்டையா விழுந்தா ஷட்டரை 1/50 இல்லேன்னா 1/100 வைங்க, நம்ம ஊர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், அதோட ஒத்துப்போயிடும்.

நூல்கண்டு:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. போயிட்டு வந்துட்டேன். காலைல 9 மணி, லேசா மேகம். முகப்புல நின்னு அந்த நேர்கோட்டுப் படம் எடுத்தேன், ஐஎஸ்ஓ 1600, 1/25, கதவுல சாஞ்சுக்கிட்டு ஆறு தடவை அமுக்குனதுல நாலாவது நச்சுன்னு வந்திருக்கு. மூணாவது வாசல் தாண்டி அம்மா திரும்பி நின்னுட்டு இருக்காங்க, நான் எடுக்கறது அவங்களுக்குத் தெரியாது. அதைத்தான் பிரிண்டுக்குக் குடுத்திருக்கேன்.