ஓர்தெனதோர்: கலீசிய மொழியின் கணினிச் சொல் கடனா, சொந்தமா?

வேர்த்தேடி: ஸ்பெயினின் வடமேற்கில் பேசப்படும் கலீசிய மொழியில் கணினியைக் குறிக்கும் ‘ஓர்தெனதோர்’ ஸ்பானியத்தின் வழியே நுழைந்த சொல் என்பதே என் நிலைப்பாடு. 1955 ஏப்ரலில் ஐபிஎம்மின் பிரெஞ்சு நிறுவனம் தன் புதிய இயந்திரத்துக்குப் பெயர் கேட்டபோது, சோர்போன் பேராசிரியர் ஜாக் பெரே, உலகை ஒழுங்குபடுத்தும் கடவுளைக் குறிக்கும் பழைய உரிச்சொல்லான ‘ஓர்தினத்தேர்’ என்பதைப் பரிந்துரைத்தார். அதை ஸ்பானியர் தம் மொழிக்கேற்ப மாற்றிக்கொண்டனர். கலீசியர் அதை அப்படியே எடுத்துக்கொண்டனர். உடன்பிறந்த மொழியான போர்த்துக்கீசியத்திலோ ‘கொம்புத்தாதோர்’ என்றே வழங்குகிறது.

இலக்கணன்: வழி ஸ்பானியம்தான், மறுக்கவில்லை. ஆனால் ‘ஓர்தெனார்’, அதாவது ஒழுங்குபடுத்துதல், என்ற வினையும் ‘தோர்’ என்ற விகுதியும் கலீசியத்தில் முன்பே இருந்தவை. தன் வினையோடு தன் விகுதியைச் சேர்த்து அமைந்த சொல்லை அயற்சொல் என்று எப்படித் தள்ளுவது? கலீசிய அரச கழகத்தின் அகராதியும் அதை ஏற்றிருக்கிறது.

வேர்த்தேடி: அந்த வினையே ஐயத்துக்குரியது, ஐயா. நிலாவைக் குறிக்கும் இலத்தீனின் ‘லூனா’ கலீசியத்தில் ‘லூவா’ ஆனதுபோல, உயிரெழுத்துகளுக்கு இடைப்பட்ட னகரம் அம்மொழியில் மறைவது வழக்கம். ‘ஓர்தெனார்’ என்பதன் இலத்தீன் மூலமான ‘ஓர்தினாரே’ வாய்வழியாகவே வந்திருந்தால் அங்கும் னகரம் போயிருக்க வேண்டும்.

இலக்கணன்: அந்த விதி போர்த்துக்கீசியத்துக்கும் உரியது. அங்கும் நிலா ‘லூவா’தான், அங்கும் ‘ஓர்தெனார்’ னகரத்தோடு நிற்கிறது. ஆகவே அது இரு மொழிகளுக்கும் பொதுவான ஏட்டுவழிச் சொல்லே தவிர, ஸ்பானியத் திணிப்புக்குச் சான்றாகாது. மேலும், ‘கொம்புத்தாரே’ என்ற இலத்தீன் வினை மக்கள் நாவில் ‘கொன்தார்’, அதாவது எண்ணுதல், என்று தேய்ந்து வெகுகாலமாகிவிட்டது. நீங்கள் எடுத்துக்காட்டிய போர்த்துக்கீசியத்தின் ‘கொம்புத்தாதோர்’ ஆங்கிலத்தைப் பார்த்து ஏட்டு வடிவத்தை மீட்டெடுத்ததுதான்.

அந்திக்கடல்: இருவரும் கணினிச் சுட்டியை (மவுஸ்) மறந்துவிட்டீர்கள். ஸ்பானியர் ‘ரத்தோன்’ என்பதைக் கலீசியர் ‘ரத்தோ’ என்கின்றனர். போர்ச்சுகலிலும் அதுவே (பிரேசிலோ ஆங்கிலச் சொல்லோடு நின்றுவிட்டது). எலி என்ற உருவகம் ஆங்கிலத்துடையது, பெயரோ அவர்கள் வீட்டு எலியுடையது.

வேர்த்தேடி: அந்த எடுத்துக்காட்டு எனக்கே துணை நிற்கிறது. சுட்டிக்கு ஸ்பானிய வடிவம் தேவைப்படாதபோது, கணினிக்கு மட்டும் அது ஏன் தேவைப்பட்டது?

இலக்கணன்: எலி கலீசிய வீடுகளில் ஏற்கெனவே இருந்தது. கணினியோ ஸ்பானிய மொழிக் கையேட்டோடும் விலைப்பட்டியலோடும் பெட்டியில் வந்திறங்கியது.