ஆத்தங்கரையில உக்காந்து வரையறப்ப தண்ணி எறங்கிட்டே போகுது, என்ன பண்றது?

வண்ணத்துளி:
ஃப்ரெண்ட்ஸ், ஆறு கடல்ல சேர்ற இடத்துக்கிட்ட உக்காந்து வாட்டர்கலர் பண்ண ஆரம்பிச்சு ரெண்டு மாசம் ஆச்சு. போறப்ப கரை வரைக்கும் தண்ணி நிக்குது, பென்சில்ல வரைஞ்சு வானத்துக்கு ஒரு வாஷ் (தண்ணியா ஒரு கலர் பூச்சு) குடுத்துட்டு கொஞ்ச நேரத்துல நிமிர்ந்து பாத்தா பாதி எடம் சேறா கெடக்கு, மெதந்த படகு சாஞ்சு கெடக்கு, நான் வரைஞ்ச ஆறே அங்க இல்ல. கொக்கு, உள்ளான் எல்லாம் பாக்க அவ்ளோ ஆசையா இருக்கு, ஆனா கழுத்த வரையறதுக்குள்ள பறந்துடுது. போட்டோ பாத்து வரைய மனசு வரல. நீங்கல்லாம் எப்படிப் பண்றீங்க?

கழிமுகம்:
கடல் தண்ணி ஏறி நிக்கற ஏத்தத்துக்கும் எறங்கி நிக்கற வத்தத்துக்கும் நடுவுல சுமார் 6 மணி நேரம், ஆனா ஒரே வேகத்துல எறங்காது. பொதுவா 3வது, 4வது மணி நேரத்துல தான் மடமடன்னு பாதித் தண்ணி போயிடும், நீங்க அந்த நேரத்துல மாட்டிக்கிட்டீங்கன்னு நெனைக்கிறேன். முழுசா ஏறி நிக்கறப்பவோ முழுசா வத்தி நிக்கறப்பவோ உக்காருங்க. மொதல்ல தண்ணியோட ஓரக் கோட்டப் போட்டுடுங்க, அப்புறம் அது எங்க போனாலும் கோட்ட மாத்தாதீங்க. அமாவாசை பௌர்ணமி ஒட்டி ஏத்தம் வத்தம் ரொம்ப ஜாஸ்தி, அஷ்டமி தாண்டி ஒண்ணு ரெண்டு நாள்ல கம்மியா இருக்கும், பழகறதுக்கு அதான் நல்லது. இன்னொண்ணு, ஏத்தம் தினமும் 50 நிமிஷம் போல தள்ளிப்போகும், அதனால விட்ட படத்த மறுநாள் முடிக்கப் போனா தண்ணி சரியா இருந்தா வெயில் மாறியிருக்கும். 15 நாள் கழிச்சு அதே நேரத்துக்குப் போங்க, ரெண்டும் கிட்டத்தட்ட ஒண்ணா கெடைக்கும். நான் அப்படித்தான் ஒரே படத்த மூணு தடவ போய் முடிச்சேன்.

ஒத்தக்கால்நாரை:
பறவைக்கு ஒரே பக்கத்துல அஞ்சாறு உருவம் அரைகுறையா ஆரம்பிச்சு வைங்க. நாரையோ கொக்கோ திரும்பத் திரும்ப அதே மாதிரி தான் நிக்கும், வந்து நின்னதும் விட்ட எடத்துலேருந்து தொடருங்க. உள்ளான் தண்ணி எறங்க எறங்க அந்த ஓரத்துலயே ஓடி ஓடி சேத்தக் குத்திக்கிட்டு இருக்கும், அப்ப வரையவே முடியாது. தண்ணி ஏறி சேறு மூடினதும் எல்லாம் மேட்டுல கும்பலா ஒத்தக்கால்ல நின்னு தூங்கும் பாருங்க, அதான் நமக்கான நேரம். கொக்குக்கு வெள்ளை பெயின்ட் வேணவே வேணாம், பேப்பர அப்படியே விட்டுட்டு சுத்திலும் சேத்த வரைஞ்சுட்டு வாங்க. நல்ல வெயில்ல உத்துப் பாத்தா அதோட வயித்துல சேத்து நிறம் லேசா ஏறியிருக்கும், அத ஒரே ஒரு இழுப்புல வச்சா கொக்கு சட்டுன்னு அந்த எடத்துல நின்னுடும்.

ஈரப்பேப்பர்:
ஈரச் சேறு வானத்த அப்படியே காட்டும், அத வெறும் ப்ரவுன்ல அடிச்சுடாதீங்க. நான் அல்ட்ராமரின் நீலம், பர்ன்ட் சியன்னாங்கற செம்பழுப்பு ரெண்டையும் பேப்பர்லயே கலக்க விடுவேன். அப்புறம் தண்ணி திரும்பி ஏறறப்ப முதுகுப் பக்கம் இருக்கற பள்ளம் தான் சில எடத்துல மொதல்ல நெறையும், உக்கார்றதுக்கு முன்னாடி திரும்பிப் போற வழியப் பாத்து வச்சுக்குங்க.

வண்ணத்துளி:
15 நாள் கணக்கு எனக்குத் தோணவே இல்ல, ரொம்ப நன்றி! பாதியில விட்ட படகுப் படம் ஒண்ணு இருக்கு, வரைஞ்ச தேதி பின்னாடி எழுதியிருக்கேன், எண்ணிப் பாத்தா வர்ற வியாழக்கிழமை வருது.