மணியடிக்கிற பொம்மை பாதியிலயே நிக்குது, உதவி வேணும்

வணக்கம், நான் ஜெர்மனியில ஃப்ரைபுர்க்ல இருக்கேன். பிளாக் ஃபாரஸ்ட்ங்கிற இங்கத்த மலைக்காட்டுப் பகுதியில செஞ்ச டேபிள் கிளாக் ஒண்ணு இருக்கு, மரப்பெட்டி, மேல ரெண்டு மரப் பொம்மை சுத்தியல வச்சு மணியடிக்கும். மேக்கர் பேரு எங்கயும் இல்ல, 1890 வாக்குல செஞ்சதா இருக்கும்னு வித்தவர் சொன்னாரு. ஸ்பிரிங்ல ஓடுற மிஷின், பெண்டுலம் உண்டு.

நேரம் கரெக்டா காட்டுது. பிரச்சனை மணியடிக்கும்போதுதான், இடது பொம்மை நல்லா அடிக்குது, வலது பொம்மை கைய பாதி தூக்கிட்டு லேசா நடுங்கி அப்படியே நிக்குது, உடனே அடிக்கிற பக்கம் மொத்தமும் நின்னுடுது. குளிருக்கு ஹீட்டர் போட ஆரம்பிச்சதுக்கு அப்புறம்தான் இப்படி.

பழைய எண்ணெய் பிசுக்கை எல்லாம் எடுத்துட்டு பிவட்ல (சக்கர அச்சு முனை சுத்துற இடம்) மட்டும் புது எண்ணெய் வச்சேன், ஸ்பிரிங் ஃபுல்லா சாவி கொடுத்தும் பார்த்தாச்சு. லீவர்ல இருந்து வலது கைக்குப் போற கம்பிய கழட்டிட்டா மிச்சது எல்லாம் ஒழுங்கா ஓடுது, 12 அடியும் முழுசா அடிக்குது, அதனால மிஷின்ல கோளாறு இல்லன்னு நினைக்கிறேன். கைய தோள்பட்டைல விரலால தூக்கினா டைட்டா இருக்கு, மேல வந்தா கீழ விழ மாட்டேங்குது. இங்க ஒரு ரிப்பேர் கடையில பொம்மை வேலை எடுக்க மாட்டோம்னு சொல்லிட்டாங்க. ஃபுர்ட்வாங்கன்ல கடிகார மியூசியத்துக்குப் போய் பார்த்தேன், எல்லாம் கண்ணாடிக்குள்ள, உள்ள கம்பி எப்படிப் போகுதுன்னு தெரியல. பெயிண்ட் இன்னும் ஒரிஜினல், அத உரிக்க எனக்கு மனசே வரல.

கைய தோள்பட்டைல கோத்திருக்கிற ஊசிய பெயிண்ட் பேராம வெளிய எடுக்க எந்தப் பக்கத்துல இருந்து தட்டணும்?